காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு?

எங்கள் பிசியோதெரபி அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் சும்மா உட்கார்ந்து காது கொடுத்தாலே போதும், உடம்பைப் பற்றிச் சொல்ல மதுரைக்காரர்களிடம் எத்தனை சொல் புழங்குகிறது என்று தெரிந்துவிடும். முட்டி குடையுது. கெண்டைக்கால் இழுக்குது. தோள்பட்டை கடுக்குது. இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பாதம் மரமரன்னு இருக்கு. விரல் வெறைச்சுப்போச்சு. மூட்டுக்கு இங்கே பலர் வாயில் 'பூட்டு' என்றுதான் பேர். 'எல்லாப் பூட்டும் வலிக்குது தாயி' என்பார்கள். நான் படித்ததெல்லாம் இங்கிலீஷ் புத்தகம். இந்தச் சொற்களை வேலைக்கு வந்த பிறகு இவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

வருத்தம் என்னவென்றால், பெஞ்சில் இருக்கும்போது பக்கத்து ஆளிடம் இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறவர்கள், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சுருக்கி 'வலி' என்று முடித்துவிடுகிறார்கள். படித்தவர்கள் என்றால் 'பெயின்'. இன்னும் விவரமாகச் சொல்கிறவர்கள் 'ஸ்டிஃப்பா இருக்கு மேடம்' என்கிறார்கள். அதற்கு நம்மிடமே நல்ல சொல் ஒன்று இருக்கிறது. விறைப்பு. பேச்சில் வெறப்பு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் எழுத்தைப் பார்த்துவிடுவோம். வல்லின றகரம். இடையின ரகரம் போட்டால் 'விரை' ஆகி, விதை என்றோ வேகம் என்றோ பொருள் எங்கோ போய்விடும். இணையத்தில் பாதி இடங்களில் 'விரைப்பு' என்றே எழுதியிருக்கிறார்கள். திருத்திக்கொள்வது நல்லது.

எதையெல்லாம் விறைப்பு என்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். கருங்கல் விறைப்பாக இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வளைய வேண்டியது வளையாமல் நின்றால்தான் அந்தச் சொல் வருகிறது. கஞ்சி போட்டுக் காயவைத்த வேட்டி விறைப்பாக நிற்கும். மீன்காரம்மா தலைப்பக்கம் பிடித்துக் காட்டி 'எப்படி வெறப்பா நிக்குது பாரு' என்பார், துவண்டு தொங்கினால் அது பழைய மீன். கொடைக்கானல் குளிரில் விரல் விறைக்கும். என்.சி.சி. அணிவகுப்பில் 'சாவ்தான்' என்றதும் பிள்ளைகள் விறைப்பாக நிற்பார்கள். துணி, மீன், விரல், ஆள் எல்லாமே வளையக்கூடியவை. மூட்டின் வேலையே வளைவதுதான் என்பதால் அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

இனி என் அறைக்குள் வாருங்கள்.

பூ கட்டும் அக்கா ஒருவர் வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியும் முன்னே மல்லிகை வாங்கி, தெருவோரம் உட்கார்ந்து கட்டி விற்பவர். இரண்டு கையிலும் விரல் வலி என்று மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். 'எப்ப அதிகமா இருக்குக்கா?' என்று கேட்டேன். 'வலிகூடப் பெருசில்ல தாயி, காலையில வெரலு வணங்க மாட்டேங்குது. நாலு முழம் கட்டுற நேரத்துல ஒரு முழம்தான் ஆகுது. எட்டு மணிக்கு மேலதான் தன்னால வருது' என்றார். எழுந்திருப்பது நாலு மணிக்கு. அப்படியென்றால் நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு. கையை வாங்கி, விரல்கள் உள்ளங்கையோடு சேரும் கணுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினேன், கையை இழுத்துக்கொண்டார். மறு கையிலும் அதே கதை.

காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது மூட்டு நோயில் மிக முக்கியமான கேள்வி. வயதாகித் தேய்ந்த முட்டி என்றால் எழுந்ததும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் விட்டுவிடும். பெரும்பாலும் 30 நிமிடத்தைத் தாண்டாது. முடக்குவாதம் என்கிற ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். அது தேய்மானம் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்குகிற நோய். இரவில் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் கூடுகின்றன, அசையாமல் கிடக்கும் மூட்டில் நீர் கோத்துக்கொள்கிறது, விடிந்ததும் விரல் மடங்காது. இதற்கு வலி மாத்திரை போதாது. மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்தை முதல் சில மாதங்களுக்குள்ளேயே தொடங்கிவிட்டால் விரல் கோணாமல் காப்பாற்றிவிடலாம். அக்காவை வாதநோய் நிபுணரிடம் அனுப்பினோம், ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் வந்தது. 'வலி' என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த மாத்திரையே இன்னும் எத்தனை நாள் ஓடியிருக்குமோ.

இதே கேள்வியை இளவட்டங்களிடமும் கேட்கிறேன். இருபது, இருபத்தைந்து வயதுப் பையன், காலையில் முதுகு பலகை மாதிரி விறைத்திருக்கிறது, பின்னிரவில் வலி எழுப்பிவிடுகிறது, எழுந்து நடமாடினால் குறைகிறது, படுத்து ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது பைக் ஓட்டியதால் வந்த முதுகுவலி என்று விட்டுவிடக் கூடாது. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற நோய் இப்படித்தான் ஆரம்பிக்கும். பலருக்கு இதைக் கண்டுபிடிக்கவே வருஷக்கணக்கில் ஆகிறது. சாதாரண முதுகுவலி ஓய்வில் குறையும், இது ஓய்வில்தான் கூடும்.

இன்னொரு பக்கமும் இந்தச் சொல்லுக்கு உண்டு. மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த ஈழத்து ஐயா ஒருவர், 'பிள்ளை, கால் ரெண்டும் விறைச்சுக் கிடக்கு' என்றார். கணுக்காலைப் பிடித்து அசைத்தால் தாராளமாக அசைகிறது, முட்டியும் மடங்குகிறது. ஈழத்தமிழில் உணர்வு இல்லாமல் போவதையும் விறைப்பு என்பார்கள், நாம் 'மரத்துப்போற ஊசி' என்பதை அவர்கள் 'விறைப்பு ஊசி' என்பார்கள். ஐயாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் பாதத்தைத் தொட்டுத்தொட்டு 'தெரியுதா?' என்று கேட்டேன். விரல் நுனியிலிருந்து கணுக்கால் வரை பதிலே இல்லை. சர்க்கரையால் நரம்பு பாதித்திருந்தது. அப்படிப்பட்ட பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது, செருப்பில் சிறு கல் கிடந்தாலும் தெரியாது, புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் கண்ணில் படும். அவருக்கு நான் காலை நீட்டி மடக்கும் பயிற்சி கொடுத்திருந்தால் என்ன பயன்? தினமும் பாதத்தைப் பார்ப்பதும், வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும்தான் அவருக்கு வேண்டிய வைத்தியம். இரண்டு நாட்டுத் தமிழும் எனக்குச் சொந்தம்தான். ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்த்துப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

தோளுக்கு வருகிறேன். ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியவில்லை, கொண்டை போட முடியவில்லை, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை, பின்பாக்கெட்டில் இருந்து பர்ஸை எடுக்க முடியவில்லை என்று வருகிறவர்கள் எங்களிடம் நிறைய. கை ஏறாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். அவர்களால் தூக்க முடியாத கையை நான் தாங்கித் தூக்கும்போது ஏறுகிறது என்றால் குறை பலத்தில், தசைநாண் கிழிந்திருக்கலாம். நான் தூக்கினாலும் சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறது என்றால் அதுதான் விறைப்பு. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்பச் சொல்வோம். கதவு திறப்பது மாதிரி திரும்ப வேண்டிய கை, திறக்காமல் நிற்கும். இந்த அசைவுதான் பெரும்பாலும் முதலில் போகும்.

இப்படி விறைத்துப்போகும் தோளுக்கு உறைந்த தோள் என்கிற பெயரை 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் வைத்தார். மூட்டைச் சுற்றி உள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. முதலில் தாங்க முடியாத வலி, பிறகு வலி குறைந்து விறைப்பு மட்டும், அப்புறம் மெதுவாக இளக்கம். எல்லாம் முடிய 1 முதல் 3 ஆண்டுகூட ஆகலாம். 40 முதல் 60 வயதுக்குள்தான் பெரும்பாலும் வருகிறது. ஜப்பானியர்கள் இதற்கு 'ஐம்பது வயதுத் தோள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்காருகிறவர்களிடம் நான் சண்டைக்கே போவேன். ஐம்பதில் வளையும். தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து கையை ஊஞ்சல் போல ஆட்டுவதும், சுவரில் விரலை ஊர்ந்து ஊர்ந்து ஏற்றுவதும், கதவுக்கு மேல் கயிற்றைப் போட்டு நல்ல கையால் நோயுற்ற கையை இழுப்பதும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதது போல இருக்கும். விடாமல் செய்தவர்களுக்குக் கை மேலே போகிறது. பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், அதுதான் எனக்குத் துக்கம்.

ஒரு எச்சரிக்கை. தோள் விறைப்பு என்று வருகிற எல்லாருக்கும் உறைந்த தோள் இல்லை. நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் ஒட்டிக்கொண்டே வருகிறதா, எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், நடுக்கம் வருவதற்கு முன்னாலேயே தோள் விறைப்பாகத் தலைகாட்டுவது உண்டு.

விறைப்பைப் பற்றி வீடுகளில் இருக்கும் பெரிய தவறான நம்பிக்கை பக்கவாதத்தில் இருக்கிறது. பக்கவாதம் வந்த புதிதில் கை துவண்டு கிடக்கும், தூக்கி விட்டால் தொப்பென்று விழும். சில வாரத்தில் அதே கை முழங்கையில் மடங்கி, விரல் உள்ளங்கைக்குள் சுருண்டு, இறுகி நிற்கும். மகன் சந்தோஷமாக வந்து சொல்வார்: 'மேடம், அப்பாவுக்குக் கை நல்லா வெறப்பு ஏறிடுச்சு. பலம் வந்துருச்சுல்ல?' இல்லை. தசையைத் தளர்த்தச் சொல்லும் மூளையின் கட்டளை வராததால் தசை தன்பாட்டுக்கு இறுகிக்கொண்டிருக்கிறது. சந்தோஷத்தில் ஒரு ஸ்பாஞ்ச் பந்து வாங்கிக் கொடுத்து நாள் முழுக்க அமுக்கச் சொல்லியிருப்பார்கள். விரல் ஏற்கெனவே மடங்கித்தான் நிற்கிறது, பழக வேண்டியது விரிப்பதற்கு. அந்தப் பந்தை நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

இந்த விறைப்புக்கு ஒரு குணம் உண்டு. முழங்கையை வெடுக்கென்று நீட்டினால் நடுவழியில் பிடித்துக்கொள்ளும். மெதுவாக, எண்ணி எண்ணி நீட்டினால் விட்டுக்கொடுக்கும். பார்க்கின்சனில் வேகமும் மெதுவும் ஒன்றுதான், முதலில் இருந்து கடைசி வரை ஒரே இறுக்கம், சிலருக்குப் பல்சக்கரம் போலக் கடக் கடக்கென்று விட்டு விட்டு நகரும். அசைக்காமல் மாதக்கணக்கில் விட்டுவிட்ட கையில் தசையே குட்டையாகிவிடும், அது எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் வராது. மூன்றையும் என் விரல்கள் பிரித்துச் சொல்லிவிடும். பிரிட்டிஷ் மருத்துவர் ஆஷ்வொர்த் 1964-இல் இதில் முதல் வகை விறைப்பை அளக்க ஒரு அளவுகோல் வகுத்தார், 1987-இல் திருத்தப்பட்ட வடிவத்தைத்தான் இன்றும் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். தசையே குட்டையாகிவிடும் மூன்றாவது நிலைக்குப் போகவிடாமல் தடுப்பது வீட்டாரின் கையில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர முடியாதவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். பலருக்கு இது தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தசை இறுகுவதற்குத்தான் சக்தி வேண்டும், தளர்வது தன்னால் நடக்கும் என்றே எல்லாரும் நினைக்கிறோம். உண்மை என்னவென்றால், தளர்வதற்கும் சக்தி வேண்டும். தசைக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. பிடியை விட ஏ.டி.பி. என்ற எரிபொருள் வேண்டும். மூச்சு நின்று அது தீர்ந்ததும் பிடித்த பிடி அப்படியே நின்றுவிடுகிறது. இறந்த உடல் விறைப்பது இதனால்தான். சாவு வீட்டில் பெரியவர்கள் 'வெறைக்கிறதுக்குள்ள கையக் கால நீட்டி விடுங்கப்பா' என்று அவசரப்படுத்துவதும், நாடிக்கட்டுக் கட்டுவதும், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதும் அனுபவ அறிவு. கண்ணிமையும் தாடையும்தான் முதலில் விறைக்கும், 2 மணி நேரம் வாக்கிலேயே ஆரம்பித்துவிடும். சுமார் 12 மணி நேரத்தில் உடம்பு முழுதும் பரவி, பிறகு ஒன்றரை நாளுக்குள் தளர்ந்துவிடும், வெயில் காலத்தில் எல்லாமே சீக்கிரம். உயிரோடு இருப்பவர்களுக்குத் தாடை விறைத்தால் அது ரண ஜன்னியாக இருக்கலாம். காய்ச்சலும் தலைவலியுமாக இருக்கும் குழந்தைக்குக் கழுத்து விறைத்து, நாடி நெஞ்சைத் தொடவில்லை என்றால் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

நோயில்லாத விறைப்பும் உண்டு. 'ஆளு கொஞ்சம் வெறப்பு' என்றால் சிரிக்க மாட்டார், இறங்கி வர மாட்டார் என்று அர்த்தம். வணங்காமுடி என்கிறோம். 'வேலைக்கு உடம்பு வணங்கணும்' என்கிறார்கள். பூக்கார அக்கா விரல் வணங்கவில்லை என்றதும் இதே வணக்கம்தான். வணங்குவது என்றால் வளைவது. சர்க்கரை நோயில் இதை வைத்து ஒரு சோதனையே இருக்கிறது. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் கும்பிடச் சொல்வோம். நல்ல கையில் விரல்கள் அடி முதல் நுனி வரை ஒட்டும். பல வருடம் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தவர்களுக்கு நுனி மட்டும் தொடும், நடுவில் இடைவெளி விழும். ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தில் ஒட்டி அதைத் தடிக்க வைத்துவிடுகிறது. உறைந்த தோள் இவர்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருவதும் இதே வழியில்தான். இதைப் படித்துக்கொண்டே நீங்களும் ஒரு தடவை கும்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு தேவையான சொல்லை ஏன் வாயில் எடுக்கத் தயங்குகிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் கேள்வி. ஒரு ஆசிரியை, நன்றாகத் தமிழ் பேசுகிறவர், கணவரின் தோளைப் பற்றிச் சொல்ல வந்து 'விறை...' என்று ஆரம்பித்து, குரலைத் தாழ்த்தி 'ஸ்டிஃப்னஸ்' என்று மாற்றினார். பஸ் ஸ்டாண்ட் சுவரையும் நள்ளிரவு டி.வி.யையும் நினைத்துப் பாருங்கள், காரணம் புரியும். லேகியம் விற்பவர்கள் இந்தச் சொல்லை ஆண்மைக் குறைவோடு மட்டும் கட்டிப்போட்டுவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. கஞ்சி போட்ட துணிக்கும், கழுத்துக்கும், முதுகுக்கும், செத்த உடம்புக்கும் பொதுவாக இருந்த ஒரு சொல்லை யாரோ சுவரொட்டி அடித்துப் பிடுங்கிக்கொள்ள நாம் ஏன் விட வேண்டும்? கூச்சப்படாமல் சொல்லுங்கள், குழந்தைகள் முன்னாலும் சொல்லுங்கள். தோள் விறைப்பு, கழுத்து விறைப்பு, விரல் விறைப்பு என்று முழுதாகச் சொன்னால் சங்கடமே இல்லை.

அந்தச் சுவரொட்டிப் பொருளும்கூட வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆணுறுப்பு விறைப்பது ரத்த ஓட்டத்தால். அங்கே உள்ள ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சின்னவை, அடைப்பு தொடங்கினால் அங்கேதான் முதலில் தெரியும். நெஞ்சு வலி வருவதற்குச் சில வருடங்கள் முன்னாலேயே இந்தக் குறை தெரியவந்த ஆண்கள் நிறையப் பேர். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, மன உளைச்சல், சில மாத்திரைகள் என்று காரணம் பலவாக இருக்கலாம். அதனால், சுவரில் உள்ள நம்பருக்குப் போன் போடுவதற்கு முன்னால் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் போய் விஷயத்தைத் தமிழிலேயே சொல்லி, சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சீட்டோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.